கயிற்றின் மறுமுனை

முத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். கொற்கை முத்து சங்கப் பாடல்களில் ஒளிர்கிறது, காப்பியங்களில் அணியாகிறது, பாண்டியர் பெருமைக்கு அடையாளமாகிறது. முத்தெடுக்கக் கடலில் குதித்தவனைப் பற்றிய எழுத்து அதைவிடக் குறைவு. அவன் நீருக்குள் இருந்த அந்த ஒரு நிமிடம் படகின் விளிம்பில் கயிற்றைக் கையில் பிடித்து நின்றவனைப் பற்றியோ எழுத்து மிக அருகியே காணப்படுகிறது. இக்கட்டுரை அந்த மூன்றாமவனைப் பற்றியது. கப்பலிலேயே பல நாள் தங்கிக் கடலில் மூழ்கி வருவதை விடுமுறைப் பயணமாக மேற்கொள்வோர் பெருகிவரும் இந்நாளில், அவனை நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு என்று கருதுகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்குக் கடலோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிருவாக வரலாறு ஒரு விடை தருகிறது. 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை நம் ஊர்கள் இராமநாதபுரம் என்னும் கடலோர மாவட்டத்தில் இருந்தன. 1910-இல் அந்த மாவட்டம் உருவாவதற்கு முன்போ திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடியின் முத்துப் பார்களும் அதே மாவட்ட ஆட்சியின்கீழ்தான் இருந்தன. இன்னொரு விடையைத் தருபவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் கண்ணன் கைச் சங்கை நோக்கியே அவள் பாடினாள். கடலில் பிறந்த பொருள் இறைவன் உதட்டைச் சேர்ந்த பேற்றை எண்ணி வியந்தாள். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழைக்கடவுளையே கடலுக்குள் புகுந்து நீர் முகந்து எழச் சொல்கிறாள். கடலில்லாத ஊரின் கவி, மூழ்கி எழுதலை இவ்வளவு இயல்பாகக் கற்பனை செய்திருக்கிறாள்.

பழைய சலாபம்

முத்துக்குளிப்புப் பருவத்திற்குத் தென்கடற்கரையில் வழங்கிய பெயர் சலாபம். இலங்கைக் கரையில் உள்ள சிலாபத்துறை என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சிப்பி விளையும் கடலடி மேடு 'பார்', ஆழத்தை அளக்கும் அலகு 'பாகம்', மூழ்குபவன் 'குளியாள்', படகை நடத்துபவன் 'தண்டல்'. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலையிரம் பார் அக்காலத்தில் புகழ்பெற்றது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான 'எரித்ரேயக் கடல் வழிப்பயணம்', கொற்கையைக் குறிப்பிட்டு, பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. இச்செய்தி நமக்கு ஓர் எச்சரிக்கை. கயிறு எப்போதும் அன்பின் அடையாளமாகவே இருந்துவிடவில்லை. அது காவலனின் கையிலும் இருந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ விரிவான சித்திரம் ஒன்றைத் தருகிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து பெரிய கப்பல்களையும் சிறு படகுகளையும் அமர்த்துவர். ஏப்ரல் தொடக்கம் முதல் மே மாத நடுப்பகுதிவரைக்கும் ஆட்களைக் கூலிக்குப் பிடிப்பர். பெரிய கப்பல்களை வளைகுடாவில் நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றிலிருந்து சிறு படகுகளுக்கு மாறி, அங்கிருந்து மூழ்குவர். இன்று மாலத்தீவில் மூழ்குபவர்களை ஏற்றிச்செல்லும் தங்குகப்பல்கள் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. உறங்குவதும் உண்பதும் பெரிய கப்பலில். மூழ்குவதற்கு மட்டும் ஒரு துணைப்படகு. அத்துணைப்படகுக்கு மாலத்தீவு மொழியில் 'தோனி' என்றே பெயர். நம் 'தோணி'யோடு அதன் உறவை விளக்க வேண்டியதில்லை.

மார்க்கோ போலோ சொல்லும் மற்றொரு செய்தியும் சுவையானது. பெருமீன்கள் குளியாளைத் தாக்காதிருக்க மந்திரம் செய்வோரை வணிகர்கள் உடன் அழைத்துச் சென்றனர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள். மீன்கள் தம் விருப்பம்போல் திரியலாம். இருளில் திருட்டுத்தனமாக மூழ்க யாரும் துணியமாட்டார்கள் அல்லவா! பின்னாளில் ஆங்கிலேயர் எழுதிய நூல்களும் இந்தச் சுறாக்கட்டிகளை, 'கடல்கட்டி' என்ற பெயருடன், தவறாமல் குறிப்பிடுகின்றன. படித்த அதிகாரிகள் இதைக் கேலி செய்தனர். எனினும் அவர் கரையில் இல்லையெனில் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பதால் சம்பளம் கொடுத்து அமர்த்தினர். அச்சம் அறிவால் மட்டும் தணிவதில்லை என்பதைக் கணக்கு எழுதிய கம்பெனியும் புரிந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிடத்தின் ஏற்பாடு

கடலடியில் ஒரு நிமிடம் தங்குவதற்கு எவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது என்பதை நோக்கினால் வியப்பு மேலிடும். முன்கூட்டியே பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணித்த பிறகே சலாபம் அறிவிக்கப்பட்டது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாகும் மார்ச், ஏப்ரல் மாதங்களே பருவம். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் புறப்படும்; விடியலில் பாரைச் சேரும்; நண்பகலில் குளிப்பு முடியும்; கடற்காற்றில் திரும்பும். காற்றின் கால அட்டவணையே மனிதனின் கால அட்டவணை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்ச் சலாபத்தை நேரில் கண்டு எழுதிய பெர்சிவல் (1803), கார்டினர் (1807) ஆகியோரின் நூல்களிலிருந்து ஒரு படகின் அமைப்பை அறியலாம். பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஒரு கல்லுக்கு இருவர். ஐவர் மூழ்கும்போது ஐவர் இளைப்பாறுவர். இவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் கயிறு பிடிப்போரும் இருந்தனர். ஆங்கில ஆவணங்கள் இவர்களை 'மண்டக்கு' என்னும் ஒலியில் எழுதுகின்றன.

துளையிட்ட கல் ஒரு கயிற்றிலும், வலைப்பை மற்றொரு கயிற்றிலும் கட்டப்பட்டிருக்கும். குளியாள் கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை இழுத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையசைப்பான். கயிறு பிடிப்பவன் உடனே கல்லை விடுவான். ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் ஆழத்திற்குக் கல்லின் எடை அவனைக் கொண்டுசேர்க்கும். தரை தொட்டதும் அவன் கல்லை விட்டு விலகுவான். மேலிருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். சிப்பிகளை வலைப்பையில் அள்ளியபின் குளியாள் கயிற்றைச் சுண்டுவான். அந்தச் சுண்டலை உணர்ந்த கணத்தில் மேலிருப்பவன் இழுக்கவேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். சுண்டலை உணரத் தவறினால், அல்லது உணர்ந்தும் தாமதித்தால், முத்தும் இல்லை, ஆளும் இல்லை.

இதனால்தான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுக்கவேண்டும் என்றொரு வழக்கு நம் கடற்கரையில் சொல்லப்படுகிறது. உடன்பிறந்தான் பங்காளியாவான், அவன் இறந்தால் இவனுக்குச் சொத்தில் பங்கு கூடும். மைத்துனனுக்கோ, கயிற்றின் மறுமுனையில் தொங்குவது தன் உடன்பிறந்தாளின் தாலி. இதை எல்லாப் படகுக்கும் உரிய விதியாக அன்றி வழக்காகவே கொள்ளவேண்டும். எனினும் அது பேசும் நுட்பம் கூரியது. நல்லவனைத் தேடிக் கயிற்றைக் கொடு என்று அது சொல்லவில்லை. உன் உயிர் எவனுக்கு இழப்பாகுமோ அவனிடம் கொடு என்கிறது. பாசத்தின்மேல் மட்டும் எழுப்பப்படாத நம்பிக்கை அது.

பிற கரைகள்

இத்தகைய இணைகள் உலகின் பிற கரைகளிலும் இருந்தன. பாரசீக வளைகுடாவில் மூழ்குபவனுக்குக் 'கைஸ்' என்றும், இழுப்பவனுக்கு 'சைப்' என்றும் பெயர். அங்கே கோடைப் பருவம் முழுவதும், ஏறத்தாழ நான்கு மாதம், கப்பலிலேயே வாழ்ந்து மூழ்கினார்கள். முன்பணம் வாங்கிய கடன் தீராமல் ஆண்டுதோறும் அதே கப்பலுக்குத் திரும்பியவர்கள் பலர். அங்கே கயிற்றைவிட வலிய கயிறு கடன்தான்.

ஜப்பானின் 'அமா' பெண்களில் ஒரு வகையினர் கணவனோடு படகில் செல்வர். மூழ்குபவள் மனைவி, எடையைப் பிடித்து இறங்கும் அவளை மேலே இழுப்பவன் கணவன். கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' எனப்படும் மூழ்கு பெண்கள் தமக்குள் மூன்று நிலைகளை வகுத்திருக்கின்றனர்: கடைநிலை, இடைநிலை, தலைநிலை. புதியவள் ஆழம் குறைந்த நீரிலேயே தொடங்கவேண்டும். தலைநிலையினர் மற்றவர்களுக்கு வழிகாட்டுவர். இப்பண்பாட்டை யுனெஸ்கோ 2016-இல் மானுடத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கு நோக்கினும், மூழ்குதல் தனியொருவரின் வீரமாக அன்றி இருவரின் உடன்படிக்கையாகவே இருந்திருக்கிறது.

கயிறு அறுந்த ஆண்டு

1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் ஒரு கருவியை உருவாக்கினர். மூழ்குபவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப உருளையிலிருந்து காற்றைத் தரும் கருவி அது. ஸ்கூபா மூழ்குதல் பரவ அதுவே வழிவகுத்தது. மனிதன் மேலிருந்து இழுக்கும் கயிறு இல்லாமல் மீனைப்போல் நீந்தலானான். நம் கடலுக்கும் அக்கலை விரைவில் வந்தது. 1956-இல் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் அதே ஆண்டில் திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசுவரக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். அதே காலத்தில் தூத்துக்குடியில் பழைய முறைக் குளிப்பு தன் இறுதிக் கட்டத்தில் இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே அங்கு நிகழ்ந்த கடைசிப் பெருங்குளிப்புகள். ஒரே கடலில், ஒரே பத்தாண்டில், இரண்டு யுகங்கள் ஒன்றையொன்று கடந்து சென்றன.

இவ்விரு முறைகளுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு மூச்சில் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. மேலே மூச்சிழுத்து இறங்கும் குளியாளின் நுரையீரல் காற்று அங்கே பாதியாகச் சுருங்கும். ஏறும்போது பழைய அளவுக்கு மீளும். எனவே மூச்சை அடக்குவதே அவனைக் காப்பாற்றுகிறது. ஸ்கூபாவில் மூழ்குபவரோ அந்த ஆழத்திலேயே நுரையீரல் நிறைய இழுக்கிறார். அச்சத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஈராயிரம் ஆண்டு முத்துக்குளிப்பின் முதற்பாடம் மூச்சை அடக்கு என்பது. ஸ்கூபாவின் முதற்பாடம் ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. நீரில் அச்சமுற்ற மனிதன் இயல்பாக எதைச் செய்வானோ, அதுவே இங்கு உயிருக்கு உலையாகிறது. புதியவருக்குப் பயிற்சி வேண்டும் என்பது இதனாலேயே. துணிச்சல் அதற்கு ஈடாகாது.

மற்றோர் ஆபத்து நைட்ரஜன். அழுத்தத்தில் உடலில் கரைந்த அவ்வாயு, விரைந்து ஏறினால் குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவரும். படிப்படியாக நின்று ஏறவேண்டும் என்னும் அட்டவணையை 1908-இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை வைத்துச் சோதித்தார். அவர் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அழுத்த அறைக்குள் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். பின்னர் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும் அச்சோதனைகளில் பங்கேற்றவர். இத்தம்பதியினர் 1957-இல் இந்தியாவுக்கு வந்தனர். ஹால்டேன் 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

தன்யூபின் கிளையாறு

நம் அலுவலக நண்பர் ஒருவர் சில ஆண்டுகளாக ஸ்கூபா பழகியவர். ஒரு வாரம் கப்பலில் தங்கி மூழ்கும் பயணத்துக்குத் தம் மனைவியையும் அழைத்துச்செல்லத் திட்டமிட்டார். அவ்வம்மையாருக்கு நீச்சல் தெரியும், ஸ்கூபா புதிது. கணவர் கப்பல், கடல், ஆமை, திருக்கை என்று விவரித்துக்கொண்டே போக, அவர் கேட்டது ஒன்றே: “எல்லாஞ் சரிங்க. கீழ போனப்புறம் என் கயித்த யாரு பிடிப்பா?”

கயிறே இல்லாத முறையில் கயிற்றைப் பற்றிக் கேட்ட அக்கேள்வியின் ஆழத்தை நாம் பல நாள் எண்ணிப்பார்த்தோம். அதற்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் கடலடிப் படக்கலையின் முன்னோடி. அவர் செயலாளராகப் பணியில் சேர்ந்தவர் லோட்டே என்னும் இளம்பெண். கடற்பயணத்தில் தானும் வரவேண்டும் என்று அவர் கேட்க, பெண்ணுக்கு அது இடமன்று என்று ஹாஸ் மறுத்தார். ஹாஸ் செங்கடலுக்குச் சென்றிருந்த நாட்களில் லோட்டே, வியன்னாவுக்கு அருகே தன்யூப் ஆற்றின் கிளைநீர்களில் தாமாகவே மூழ்கப் பழகினார். நீரடிப் படங்களும் எடுத்தார். 1950-இல் செங்கடல் பயணத்தில் இடம்பெற்றார். அவ்வாண்டே இருவரும் மணந்தனர். பின்னர் ஹாஸ் 'சாரிஃபா' என்னும் மூன்று பாய்மரக் கப்பலை வாங்கினார். அதில் அவர்கள் ஆய்வாளர்களோடு பலமாதம் தங்கி மூழ்கினர். 1957-58-ஆம் ஆண்டுப் பயணம் மாலத்தீவு, நிக்கோபார் கடல்களுக்கும் வந்தது. புதியவரைத் துணையாகக்கொண்ட தங்குகப்பல் பயணத்திற்கு, நம் கடற்பரப்பைத் தொட்ட மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

இதில் கவனிக்கத்தக்கது வரிசை. முதலில் ஓடாத ஆற்றுநீர்; பிறகு கடல்; அதன்பின்னரே கப்பல். லோட்டே கணவரின் நிழலாகக் கப்பலேறவில்லை. தம் மூச்சைத் தாமே அறிந்த பின் ஏறினார். ஜேஜு தீவின் மூதாட்டிகள் வகுத்த வரிசையும் இதுவே.

இன்றைய பயணத்திற்கும் இவ்வரிசை பொருந்தும். தங்குகப்பலில் நாளுக்கு மூன்று நான்கு முறை மூழ்குவர். மாலத்தீவுக் கால்வாய்களில் நீரோட்டம் வலிது. கரை அருகில் இராது. முதன்முதல் காற்றுருளையைச் சுமக்க அது தக்க இடமன்று. மருத்துவப் பரிசோதனை முதலில். ஆஸ்துமா, இதயக்கோளாறு, காதுநோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கலாகாது. பிறகு குளத்திலும் அமைதியான கடலிலும் தொடக்கநிலைப் பயிற்சி. அச்சான்றிதழ் பொதுவாக 18 மீட்டர் ஆழம்வரை செல்லும். அதன்பின் ஒருநாள் படகுகளில் சில பயணங்கள். அதற்கும் பிறகே கப்பல். பயிற்சியைக் கணவரோ நண்பரோ தரக்கூடாது, ஆசிரியரே தரவேண்டும். அன்புடையவர் முன்னிலையில் அச்சத்தை மறைப்பது மனித இயல்பு. ஆசிரியரிடம் அதை மறைக்க வேண்டியதில்லை.

மலையடிவாரத்தவருக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பலமுறை மூழ்கியபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்கவேண்டும் என்பர். உயர்ந்த மலைக்கும் அதுவே பொருந்தும். கடலிலிருந்து திரும்பும் வழியிலேயே 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலுக்கு ஏறிவிடலாம் என்று திட்டமிடுவோர், உடலில் எஞ்சிய நைட்ரஜனை மறந்துவிடுகின்றனர்.

கயிற்றை யார் பிடிப்பது? ஸ்கூபாவில் இருவராகவே மூழ்கவேண்டும் என்பது விதி. இறங்கும்முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பார். ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவரின் மாற்றுக்குழாயிலிருந்து மூச்சிழுப்பார். இருவரில் எவருடைய காற்று முதலில் குறைகிறதோ, எவர் முதலில் கை காட்டுகிறாரோ, அவரே பயணத்தை முடிக்கும் உரிமை உடையவர். அதற்குக் காரணம் கேட்கப்படுவதில்லை. சுண்டிய கணத்தில் இழுக்கவேண்டும் என்ற பழைய உடன்படிக்கையே இங்கு சைகையாக மாறியிருக்கிறது. ஆனால் ஒரு மாற்றம் பெரிது. பழைய இணையில் ஒருவன் எப்போதும் மேலே இருந்தான். இப்போது இருவரும் கீழே. எனவே கயிறு பிடிக்கும் பொறுப்பு புதியவருக்கும் உண்டு. அவர் காப்பாற்றப்பட வேண்டியவர் மட்டுமல்லர்; காப்பாற்றக் கற்றவராகவும் இருக்கவேண்டும். அனுபவசாலி செய்யவேண்டியதோ, தம் ஆழத்தைக் குறைத்துக்கொள்வது. இணையின் ஆழம் புதியவரின் ஆழமே.

தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிப்போர் சிலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீளும் குழாயில் மூச்சிழுத்து மூழ்குகின்றனர். நெடுநேரம் ஆழத்தில் தங்கி விரைந்து ஏறுவதால் கைகால் செயலிழக்கும் அபாயம் அத்தொழிலில் உண்டு. அங்கும் எந்திரத்தின் பக்கத்தில் ஒருவர் குழாயைக் கவனித்து அமர்ந்திருக்கிறார். ஒருவருக்கு விடுமுறை இன்பமாக இருப்பது மற்றொருவருக்கு அன்றாடக் கூலி. சங்கை வாங்கும் கைகளுக்கு அந்தக் குழாய் தெரிவதில்லை. முத்தை அணிந்த கழுத்துகளுக்குக் கயிறு தெரியாததைப் போலவே.

சலாபம், பார், பாகம், குளியாள், தண்டல் ஆகிய சொற்கள் அகராதியில் எஞ்சியிருக்கின்றன. கயிறு பிடித்தவனின் பெயரோ ஆங்கிலேயர் காதில் விழுந்த வடிவிலேயே நமக்கு வந்து சேர்கிறது. தமிழ் படிக்கும் மாணவர்கள் தூத்துக்குடி, கீழக்கரை, வேம்பாறு ஊர்களின் முதியவர்களிடம் சென்று, அவனை அவர்கள் என்னவென்று அழைத்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும். கடைசிச் சலாபத்தில் இளைஞராக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேலாகிறது.